ரேடோனும் லயத்து வீடும்

கேள்வி: அமெரிக்காவில் அயோவாவில் இருக்கும் என் மகன், வீட்டு நிலவறையில் ரேடோன் சோதனைக் கருவி வைத்திருக்கிறான். கோலசிலாங்கூர் தோட்டத்தில் இருக்கும் நாங்களும் வைக்க வேண்டுமா? – ஒரு வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: மகன் செய்தது சரி, அம்மா. அயோவாவின் 99 மாவட்டங்களுமே ரேடோன் அபாயம் மிகுந்தவை என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை குறித்திருக்கிறது. மண்ணிலுள்ள யுரேனியம் சிதைந்து பிறக்கும் வாயு இது. நிறமில்லை, மணமில்லை. தரை விரிசலில் ஏறி, குளிருக்கு அடைத்த வீட்டில் குடியேறிவிடும். நுரையீரல் புற்றுக்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த பெரிய காரணம் இதுதான்.

நம் பழைய லயத்திலோ, கூரைக்கும் சுவருக்கும் நடுவே குருவியே குடித்தனம் நடத்துகிறது. ரேடோன் தங்க இடமேது? ஏர்கானுக்காக நாள் முழுக்கச் சன்னலை அடைக்கும் தாமான் வீடுகள்தான் யோசிக்க வேண்டும். கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அளந்து பார்க்க விரும்பினால் பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தைக் கேளுங்கள்.

உங்கள் ஊர், பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்த நாளிலேயே ஈயலம்பம் தோண்டிய மண். ஈயம் பிரித்தபின் மிஞ்சும் கறுப்பு மணல், அமாங், கைப்பிடி அள்ளினாலே கனக்கும். அதிலுள்ள மோனசைட் கனிமத்தில் தோரியம் உண்டு; யுரேனியம் போலவே அதுவும் சிதைந்து ரேடோன் தரும். சும்மா கிடைக்கிறதென்று அதை வீட்டுத் தரைக்கு நிரப்பிவிடாதீர்கள்.

வீட்டில் யாராவது புகைக்கிறார்களா? சிகரெட்டும் ரேடோனும் கூட்டுச் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. முதலில் சிகரெட்டை வெளியேற்றுங்கள், அம்மா.