நீர்நாய் விவகாரம்: ஒரு மன்னிப்புக் கடிதம்

பெருமதிப்பிற்குரிய துணைப்பாட நிலையத் தமிழாசிரியர் தேர்வுக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

தாங்கள் நிராகரித்த விண்ணப்பதாரர் கேலாங்கிலிருந்து வணங்கி எழுதுவது.

சென்ற வியாழக்கிழமை 'பொழுதுபோக்கு' கட்டத்தில் நான் எழுதியிருந்ததைத் தாங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்து, "எத்தனை நாய்? வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் ஒன்றுக்குமேல் அனுமதி இல்லையே?" என்றீர்கள். பதற்றத்தில் நானும், "நாய் இல்லை ஐயா, நீர்நாய்" என்றேன். அந்தக் குளிரறையில் சொல் இரண்டாகப் பிளந்து தங்கள் காதில் விழுந்துவிட்டது. ஐயா, தமிழ்மீது ஆணை. நான் சொன்னது ஒரே சொல். நீரில் வாழும் நாய்: ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. தங்களைப் போன்ற இலக்கணச் செம்மலுக்கு இதை விளக்க வேண்டிவந்ததே என் பாவம்.

காலாங் ஆற்றங்கரையில் நின்று நீர்நாய் பார்ப்பது என் பொழுதுபோக்கு. 1977இல் தொடங்கிப் பத்தாண்டு காலாங் படுகையின் சாக்கடையை அள்ளினார்கள். பல காலம் காணாமல் போயிருந்த நீர்நாய்கள் 1998இல் சிங்கப்பூர்த் தீவுக்குத் திரும்பி, பிறகு இந்த ஆற்றுக்கும் வந்தன. இப்போது கொண்டோமினியக் குளத்துக் கோய் மீன்வரை ருசி பார்க்கின்றன. 'நூல் வாசித்தல், இசை கேட்டல்' என்று எழுதியிருந்தால் எனக்கு வேலை கிடைத்திருக்கும். புத்தி வரவில்லை.

அடுத்துத் தாங்கள் என் முகவரியைப் பார்த்தீர்கள். பக்கத்தில் இருந்தவரிடம் லேசாகச் சிரித்துவிட்டு, "லோரோங் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?" என்று கேட்டீர்கள். இரட்டைப்படைப் பக்கம் சிவப்பு விளக்குக்குப் பேர்போன கேலாங்கில் அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரட்டைப்படைதான் ஐயா. கீழே தவளைக் கஞ்சிக் கடை, மேலே நான். குறுந்தொகையில் காலை இரைக்கு வாளை மீன் பிடிக்கும் நீர்நாய் ஒன்று வருகிறதே, அந்தப் பாட்டைச் சொல்பவள் ஒரு பரத்தை. நீர்நாயும் பரத்தையும் மருதத்திணை. இரண்டுக்கும் நடை தூரத்தில் வசிக்கும் தமிழாசிரியரைவிடத் தகுதியானவர் தங்களுக்கு எங்கே கிடைப்பார்? இதை அன்றே சொல்லியிருக்கலாம். எல்லாம் படி இறங்கும்போதுதானே தோன்றுகிறது.

கடைசியாக, பிள்ளைகளோடு பழகிய அனுபவம் கேட்டீர்கள். சனிக்கிழமைகளில் எங்கள் வட்டாரத்து உயர்நிலைப் பையன்கள் நாலைந்து பேரை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போவதைச் சொன்னேன். அதில் ஒருவன் மூன்று மாதம் என்னிடம் தமிழில் வாய் திறக்கவில்லை. 'ஓகே', 'நோ' இரண்டே சொல். ஒருநாள் குட்டி நீர்நாய் ஒன்று கவ்விய மீனை நழுவவிட்டது. "அண்ணே, விட்டுருச்சுண்ணே! ஐயோ, போச்சு போச்சு!" என்று பாலமே அதிரக் கத்தினான். பிறகு வீடுவரை வாய் ஓயவில்லை.

தாங்கள் கேட்டீர்கள்: "வாய்மொழித் தேர்வில் அவனுக்கு எத்தனை மதிப்பெண் கூடியது?"

சிங்கப்பூரில் வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2.5. பையனின் வாயிலிருந்து தானாக ஒரு தமிழ் வாக்கியம் வந்தது என்று ஒருவன் எதிரே உட்கார்ந்து சொல்கிறான், நீர் மதிப்பெண் கேட்கிறீர். மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்யவைத்து மாதக் கட்டணம் வாங்குகிறீர். தேர்வு முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளை தமிழ்ப் பக்கம் திரும்பிப் பார்க்கிறதா என்று ஒருநாளாவது விசாரித்தீரா? இதில் என் தெருவின் எண்ணைப் பார்த்துச் சிரிப்பு வேறு.

மன்னிக்கவும். மேற்படிப் பத்தியில் வந்த 'நீர்' மரியாதைப் பன்மை மட்டுமே. அதையடுத்து எந்த விலங்கும் வரவில்லை என்பதைத் தயவுசெய்து சரிபார்த்துக்கொள்ளவும். இனி கடைசிவரை 'தாங்கள்'தான்.

தங்கள் பெருந்தன்மையை நம்பி ஒரு விண்ணப்பம். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காலாங் ஆற்றோரப் பூங்காவுக்கு எழுந்தருள வேண்டும். தள்ளி நிற்க வேண்டும், தொடக்கூடாது, தீனி போடக்கூடாது. விதிகள் அவ்வளவுதான். மதிப்பெண் கேட்டால் பையன்கள் ஓடிவிடுவார்கள், அதையும் தவிர்க்கவும். அந்தப் பையன் தங்களை நோக்கிக் கைநீட்டி "நீர்நாய்! நீர்நாய்!" என்று கத்தினால் முகம் சிவக்க வேண்டாம்.

தங்கள் முதுகுக்குப் பின்னால்தான் ஆறு இருக்கும்.

இப்படிக்கு,
இரட்டைப்படை லோரோங்வாசி