வண்டி வந்துவிட்டது, ஆர்.சி. புத்தகம் எங்கே?

இத்தாலிய வண்டி என்றால் இன்றைய பையன்களுக்கு டுகாட்டிதான். பழைய டுகாட்டியோ மோட்டோ குஸ்ஸியோ ஒன்று கிடைத்தால் செங்கம் சாலையில் ஒரு விரட்டு விரட்டலாம் என்று திருவண்ணாமலையில் என்னிடம் ஆசையைச் சொன்ன பையன்கள் உண்டு. அந்த ஆசை நிறைவேறுவது கடினம். மூன்று வருடத்துக்கு மேல் பழகிய வண்டியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர நம் இறக்குமதி விதிகள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. பழங்கால வண்டி என்ற சலுகையும் நெடுநாள் 1950க்கு முன் செய்தவற்றுக்கு மட்டுமே இருந்தது. ஆகவே இத்தாலியில் பிறந்து, பழையதாகி, நம் கைக்கு எட்டும் விலையில் இன்றும் கிடைப்பவை இரண்டே குடும்பம். வெஸ்பா வழியில் வந்த பஜாஜ் ஒன்று, லாம்பிரெட்டா மற்றொன்று. வேகமும் அழகும் வேண்டுமானால் லாம்பிரெட்டாதான் என்பது என் தீர்ப்பு.

ஸ்கூட்டர்தானே என்று யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். எஃகுக் குழாய் வியாபாரியான ஃபெர்டினான்டோ இன்னொசென்டி, போரில் சிதைந்த மிலான் நகரத்தின் லாம்பிராத்தே பகுதியில் 1947ல் முதல் லாம்பிரெட்டாவை வெளியே விட்டார். தகட்டையே உடலாக்கிய வெஸ்பாவுக்கு என்ஜின் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும். லாம்பிரெட்டாவுக்குக் குழாய்ச் சட்டம், என்ஜின் நட்டநடுவில். அதனால் வளைவில் சாய்த்தால் வண்டி தள்ளாடாது. 1969ல் வந்த கடைசி மாடலுக்கு வடிவம் கொடுத்தது பெர்டோனே கூடம். லம்போர்கினி மியூரா காருக்கு உடல் தந்ததும் இதே கூடம்தான். ஆங்கிலேயர்கள் அந்த ஸ்கூட்டரை கிராண்ட் பிரீ என்றே அழைத்து விற்றார்கள். அதன் 200 சிசி வண்டி மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும்.

இத்தாலியர்கள் சீக்கிரமே கார் மோகத்துக்கு மாறிவிட்டார்கள். 1971ல் உற்பத்தி நின்றது. அடுத்த வருடமே மத்திய அரசு அந்த ஆலையின் அச்சுகள், இயந்திரங்கள், பெயருரிமை எல்லாவற்றையும் விலைக்கு வாங்கி லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்தை அமைத்தது. பெர்டோனே வரைந்த அதே உடம்புதான் 'விஜய் சூப்பர்' என்ற பெயரில் நம் தெருவுக்கு வந்தது. அதற்கு முன்பே மும்பை ஏ.பி.ஐ. நிறுவனம் லாம்பிரெட்டாவை இங்கே செய்துகொண்டிருந்தது. அதை நடத்தியவர் எம்.ஏ.சிதம்பரம். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு விஜய் சூப்பர் வந்தது 1979ல். வாங்கியவர் சித்தப்பா, பள்ளிக்கூட வாத்தியார். அவர் முதலில் ஆசைப்பட்டது பஜாஜ் சேத்தக்கிற்கு. சேத்தக்கிற்கு முன்பணம் கட்டினால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சில ஊர்களில் பத்து வருடம்கூட ஆகும். அந்நியச் செலாவணியில் பணம் கட்டுபவர்களுக்கு மட்டும் முன்னுரிமை. கல்யாணத்தின்போது பதிவு செய்த வண்டி மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வந்து சேர்ந்த வீடுகள் உண்டு. சித்தப்பா காத்திருந்து சலித்து, விஜய் சூப்பருக்கு மாறினார்.

வண்டி கிடைப்பதுதான் தவம், காகிதமெல்லாம் சுலபம். அப்போது நாங்கள் வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 செப்டம்பர் 30ல்தான். பதிவுக்கு வேலூர் போக வேண்டும். சித்தப்பா காலையில் கிளம்பிப் போய்விட்டு, மூன்று எழுத்து எண்ணோடு, அட்டை போட்ட ஆர்.சி. புத்தகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பொழுது சாய வீடு திரும்பினார். அந்தப் புத்தகத்தை அவர் பிறகு எடுத்துப் பார்த்து நான் கண்டதே இல்லை. பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் கிடந்தது.

வண்டியோ எங்கள் தெருவுக்கே பொது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனவர்களும் உண்டு, பரீட்சைக்குப் போனவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஓட்ட, சித்தி பின்னால் உட்கார, நான் முன்னால் நின்றுகொண்டு சாத்தனூர் அணைக்குப் போவோம். தண்டராம்பட்டு தாண்டியதும் சாலையில் ஆளே இருக்காது. சித்தப்பா மூன்றாவது கியரிலிருந்து நான்குக்கு மாற்றும்போது இடது கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றி 'கடக்' என்று உட்காரும். அந்தச் சத்தமும் பெட்ரோலோடு எரியும் ஆயில் வாசனையும் எனக்கு இன்றும் பிடித்தவை.

தொண்ணூறுகளில் எல்லாம் மாறிவிட்டது. நூறு சிசி ஜப்பான் கூட்டு மோட்டார் சைக்கிள்கள் பெட்ரோலைப் பாதியாகக் குறைத்தன. காத்திருப்பு என்ற பேச்சே ஒழிந்தது. லக்னோவில் 1997ல் ஸ்கூட்டர் செய்வதையே நிறுத்தினார்கள். சித்தப்பா காலமான பிறகு, கிணற்றடியில் நின்று துருவேறிய வண்டியைச் சித்தி காயலான் கடைக்காரரிடம் எடைக்குப் போட்டார். வந்த காசு ஒரு புது சைக்கிளுக்குக்கூடக் காணாது. அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அன்று தமிழ்நாடு முழுக்க எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்தார்கள். அதே வருடங்களில் இங்கிலாந்தில் லக்னோவில் செய்த கிராண்ட் பிரீ வண்டிகளைத் தேடித் தேடி வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சமீபத்தில் எனக்கென்று ஒரு விஜய் சூப்பர் வாங்கப் புறப்பட்டபோது, அன்றைய கணக்கு முழுக்கப் புரண்டிருந்தது. வண்டி கிடைப்பது ஒரு வேலையே இல்லை. போனில் தேடினால் கோவை, மதுரை, புதுச்சேரி என்று எல்லா ஊரிலிருந்தும் பளபளவென்ற படங்கள் வந்து விழுகின்றன. ஆரஞ்சு என்ன, பால் வெள்ளை என்ன, குரோமியம் பூசிய பம்பர் என்ன. "ஆர்.சி. இருக்கா?" என்று கேட்டால் மட்டும் எதிர்முனையில் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஆரணிப் பக்கம் ஒரு வண்டியைப் பார்க்க, போளூர் சாலையில் பட்டறை வைத்திருந்த பாயை அழைத்துப் போனேன். வாழ்நாளில் பாதியை லாம்பிரெட்டா மேக்னெட்டைக் கழற்றி மாட்டியே கழித்தவர். நான் நேராகக் கிக்கரில் காலை வைக்கப் போனேன்.

"சார், ஓடுதான்னு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல நம்பரைப் பாருங்க" என்று தடுத்தார்.

சட்டைப் பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்துத் தகட்டின் மேல் மெல்ல இழுத்துக்கொண்டே போனார். முன்கவசத்தின் அடியில் காந்தம் பிடிக்காமல் நழுவியது. அங்கே இரும்பே இல்லை, துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றி, சேஸிஸ் எண் இருந்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண்கள் ஒவ்வொன்றாகத் தாளில் எழுந்தன. முதல் நான்கும் ஒரே அளவு, ஒரே ஆழம். கடைசி இரண்டு மட்டும் சற்றுச் சாய்ந்து, ஆழமாகக் குத்தியிருந்தன.

"இது வேணாம் சார். இது ரெண்டு வண்டி" என்றார். விற்க வந்த தம்பி ஒன்றும் பேசவில்லை.

பின்னால் நான் வாங்கிய வண்டியில் பென்சில் அச்சும் புத்தகமும் சரியாகப் பொருந்தின. ஆனால் புத்தகத்தில் பெயர் இருந்தவர் காலமாகிப் பல வருடம். அவர் மகன்கள் மூன்று பேர் மூன்று ஊரில். ஒருவர் இறந்தால், வாரிசு மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். எத்தனை வீடுகளில் செய்கிறார்கள்? வண்டிப் பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். 20 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025ல் 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். மூன்று எழுத்து எண்கள் பல இன்னும் காகிதப் பேரேட்டோடு நிற்கின்றன, 'வாகன்' கணினித் தளத்தில் ஏறவில்லை. ஏறாத எண்ணுக்கு இணையத்தில் எந்த வேலையும் நடக்காது. வாரிசுச் சான்று, தடையில்லாச் சான்று, 29, 30 படிவங்கள் என்று நான் அலைந்த அலைச்சலில் வண்டியின் விலை எனக்குப் பெரிதாகவே படவில்லை.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021ல் ஒரு நல்ல வழி பிறந்தது. வெளியுருவம், சேஸிஸ், என்ஜின் எதையும் பெரிதாக மாற்றாமல் வைத்திருந்தால் 'வி.ஏ.' எழுத்துள்ள பழங்கால வண்டி எண் வாங்கலாம். கட்டணம் புதிதாகப் பதிய 20,000, மறுபதிவுக்கு 5,000. தினசரி கடைத்தெருவுக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்ற தேவைக்கு மட்டும் சாலைக்கு வரலாம். அறுபதுகளின் ஏ.பி.ஐ. லாம்பிரெட்டா வைத்திருப்பவர்களுக்கு இது இப்போதே பொருந்தும். சித்தப்பாவின் வண்டி இருந்திருந்தால் 2029ல் தகுதி பெற்றிருக்கும்.

ஓட்டுவதிலும் சிரமம் உண்டு. இன்றைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் ஊறவைத்துக் கெடுக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும். பாய் இப்போது பட்டறையை மூடிவிட்டார், போனில் வழி சொல்கிறார். லக்னோ ஆலையையே மூடிவிட 2021ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. உதிரி பாகம் கிடைக்கிறது, ஆனால் தேட வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது மாட்டுக் கொட்டகையிலோ மாடிப்படிக்குக் கீழோ ஒரு லாம்பிரெட்டா, விஜய் சூப்பர், பழைய பஜாஜ் 150 நின்றுகொண்டிருக்கலாம். பெயின்ட் அடிக்க அவசரப்பட வேண்டாம். முதலில் பீரோவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால், அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே வாரிசுச் சான்று வாங்கி உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். காயலான் கடைக்காரர் வண்டிக்குத் தரும் விலையை இன்றைக்கு யாரும் சொல்லிவிடுவார்கள், அந்தப் புத்தகம் தொலைந்தால் அதை மறுபடி வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை.