கர்ணனுக்கு ஒரு பள்ளம் தேவை

பாண்டவர்கள் 13 வருஷம் அலைந்து, 18 நாள் சண்டை போட்டுப் பிடித்த ஊருக்கு, குரோம்பேட்டை ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் போய்விடலாம். ராஜேந்திர பிரசாத் ரோட்டில் நெரிசல் இருந்தால் இருபது. குரோம் தோல் கம்பெனியால் பெயர் வாங்கிய ஒரு பேட்டை, அதை ஒட்டினாற்போல் இதிகாசத்திலிருந்து அப்படியே தூக்கி வைத்த ஒரு அஸ்தினாபுரம். இதிலுள்ள வேடிக்கை இங்கே குடியிருக்கிற யாருக்கும் உறைப்பதில்லை. 22 வருஷமாக எனக்கும் உறைக்கவில்லை. போட்டோ கிளாஸ் வாத்தியார்தான் உறைக்க வைத்தார்.

ரிட்டயர் ஆன மூன்றாம் மாதம் மகள் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தாள். “உங்களுக்குப் பொழுது போகும்ப்பா” என்றாள். ‘நீங்க வெளியே போனா அம்மாவுக்கு நிம்மதியாப் பொழுது போகும்’ என்பது அவள் சொல்லாமல் விட்ட பாதி. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். வாத்தியாருக்கு என் மகள் வயசு. என்னை ‘அங்கிள்’ என்பார், நான் அவரை ‘சார்’ என்பேன்.

மாதத்துக்கு ஒரு தீம் கொடுப்பார். முதல் மாதம் ‘சிவப்பு’. பதினோரு பேர் படித்த வகுப்பில் ஒன்பது பேர் கேஸ் சிலிண்டரை எடுத்துக்கொண்டு வந்தோம். இரண்டாம் மாதம் ‘காத்திருப்பு’. ரேஷன் கடை க்யூவில் நின்று கேமராவைத் தூக்கினேன். அத்தனை பேரும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். காத்திருக்கிற களை ஒரு முகத்திலும் இல்லை. மூன்றாம் மாதம், “தெரிஞ்ச கதை ஒண்ணை எடுத்துக்கிட்டு, முன்கூட்டியே திட்டம் போட்டு, அஞ்சே அஞ்சு படம்” என்றார். கண்டதைச் சுட்டுக்கொண்டே இருந்தால் கை பழகுமாம், கண் பழகாதாம். எதை எடுப்பது என்று விழித்தேன்.

“அங்கிள், உங்க வீடு எங்க?”

“அஸ்தினாபுரம்.”

“அப்புறம் என்ன யோசனை?”

அன்று ராத்திரியே நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஆபீஸில் 34 வருஷம் பட்ஜெட் போட்ட கை. ‘பாரதம் – முன்னேற்பாடு’ என்று தலைப்பு எழுதி அடிக்கோடிட்டதுமே பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

முன்னோர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது முறை. சென்னை போட்டோகிராபர் ஜி. வெங்கட்ராம், ரவி வர்மா ஓவியங்களை நடிகைகளை வைத்து அச்சு அசலாகப் படமெடுத்து 2020க்கு ஒரு காலண்டரே கொண்டுவந்தார். நாற்காலியின் செதுக்கல்வரை பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. அந்தப் படங்களை என் மனைவியிடம் காட்டினேன். “நகை யாரோடது?” என்றாள். அத்தோடு அந்த வழி அடைபட்டது. பெங்களூர்க்காரர் புஷ்பமாலா, கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000த்திலிருந்து நாலு வருஷம் ‘தென்னிந்தியப் பெண்கள்’ என்று ஒரு வரிசை எடுத்தார். அதில் ரவி வர்மா லட்சுமியாகவும் மற்றவர்களாகவும் தானே வேஷம் கட்டி நின்றார். ஆள் தேடி அலைய வேண்டாம் என்ற வகையில் புத்திசாலித்தனம்தான். ஆனால் நானே நூற்றுவராகவும் ஐவராகவும் நிற்பதற்கு இந்த இடுப்பு ஒத்துழைக்காது.

நிஜமான அஸ்தினாபுரத்தைப் பற்றியும் குறிப்பெடுத்தேன். உத்தரப் பிரதேசத்தில், மீரட் பக்கம் இருக்கிறது. பி.பி. லால் 1950ல் அங்கே தோண்ட ஆரம்பித்து 1952ல் முடித்தார். வண்ணக் கோடு போட்ட சாம்பல் நிறப் பானை ஓடுகள் கிடைத்தன, கங்கை வெள்ளம் ஊரை அரித்த தடயமும் கிடைத்தது. வெள்ளம் வந்ததும் ராஜா தலைநகரைக் கௌசாம்பிக்கு மாற்றிவிட்டதாகப் புராணம் சொல்கிறது. நம் பக்கத்தில் மழை அறிவிப்பு வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரை மட்டும் மேம்பாலத்துக்கு மாற்றுகிறார்கள். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொரு வித்தியாசம், அங்கே தோண்டுவதை இரண்டு வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்து ஆள் பிடிக்கிற படலம். எங்கள் அப்பார்ட்மெண்டில் எட்டு வீடு. வாட்ஸ்அப்பில் ‘அஸ்தினாபுரம் ஷூட்’ என்று ஒரு குழு ஆரம்பித்தேன். “ஹ போட்டு எழுதுங்கோ, ஹஸ்தின்னா யானை” என்றார் முதல் மாடி மாமா. “தமிழில் அ போதும்” என்றார் செகரட்டரி. மறுநாள் காலைக்குள் 47 மெசேஜ். குருக்ஷேத்திரத்தில்கூட முதல் நாள் சங்கு ஊதிவிட்டுத்தான் அடித்துக்கொண்டார்கள்.

துகிலுரிதலை என் மனைவி நோட்டைப் பார்த்த அன்றே சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டாள். மிச்சம் ஐந்து காட்சி: திருதராஷ்டிரனும் காந்தாரியும், சூது, கிருஷ்ணன் தூது, பீஷ்மரின் அம்புப்படுக்கை, தேர்ச்சக்கரத்தோடு கர்ணன். பீஷ்மருக்கு ஏகப்பட்ட போட்டி. எழுபதைத் தாண்டியவர்கள் எல்லாருமே படுத்துக்கொள்கிற பாத்திரம் என்று ஆசைப்பட்டார்கள். தர்மருக்கு ஆளில்லை. பங்குச் சந்தையில் கை சுட்டுக்கொண்ட இரண்டாம் மாடிக்காரரைக் கேட்டேன். “ஏற்கெனவே மாமனார் வீட்டில அந்தப் பேர்தான் சார்” என்று கும்பிட்டுவிட்டார்.

எல்லாருக்கும் வேண்டியது கர்ணன். பழி பந்துலுவின் மேல். 1964 பொங்கலுக்கு அவர் சிவாஜியை வைத்து எடுத்த ‘கர்ணன்’ இந்த ஊர் ஆண்பிள்ளைகளை நிரந்தரமாகக் கெடுத்து வைத்திருக்கிறது. பத்து ரூபாய் கடன் கேட்டால் தராத ஆள்கூடக் கொடைவள்ளலாகத்தான் நிற்பேன் என்கிறார். செகரட்டரி, 2012ல் அந்தப் படம் புதுப்பித்து வந்தபோது மூன்று தடவை பார்த்தவர் என்பதால் முன்னுரிமை கேட்டார். எங்கள் தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோக்காரர் வேறு நியாயம் வைத்தார்.

“கர்ணன் யாரு சார்? தேரோட்டி வூட்டுப் புள்ள. எங்கப்பாவும் வண்டிதான் ஓட்டுனாரு. நம்ம லைன் சார் அது.”

சாஸ்திரப்படி அவர் பக்கம்தான் வலுவாக இருந்தது. ஆனால் மாதாமாதம் தண்ணீர் லாரிக்குப் போன் போடுகிறவர் செகரட்டரி. கர்ணன் செகரட்டரி என்றும், ஆட்டோ தேர் என்றும், ஆட்டோக்காரர் சல்லியன் என்றும் முடிவானது. “சல்லியன் யாரு?” என்றார். “கர்ணனுக்குத் தேர் ஓட்டிக்கிட்டே அவனைத் திட்டிக்கிட்டு வருவான். அவனும் ஒரு ராஜா” என்றேன். சம்மதித்தார்.

உடைக்கு வாடகைக் கடைக்குப் போனோம். எல்லாம் யூ.கே.ஜி. அளவு. கடையில் இருந்த பீமனின் கதையை என் கையில் வைத்தால் குழம்புக் கரண்டி. கிரீடம் மாமாவின் உச்சந்தலையில் சோடா மூடி மாதிரி உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய் மூன்று மணிநேரம் வெயிலில் அலைந்து, பித்தளை முலாம் போன ஒரு பூச்சாடியை வாங்கினேன். அதைக் கவிழ்த்தால் கிரீடம். மாமா தலையில் அது இறங்கியது, பிறகு ஏறவில்லை. தேங்காயெண்ணெய் வேண்டியிருந்தது.

வெளிச்சம் பற்றி ஒரு சங்கதி. விடிந்ததும் ஒரு மணிநேரம் தங்க வெளிச்சம் கிடைக்கும், அதற்குள் எடுங்கள் என்று புத்தகங்கள் சொல்கின்றன. எழுதியவர்கள் லண்டன்காரர்கள், அங்கே சூரியன் சாய்வாக, சோம்பேறித்தனமாக ஏறும். நாம் இருப்பது 13 டிகிரியில். இங்கே சூரியன் பிறந்தவுடனே செங்குத்தாக ஏற ஆரம்பித்துவிடுகிறது. அரை மணிக்குள் தங்கமெல்லாம் உருகிப் பித்தளை. ஆகவே ‘ஐந்தே முக்காலுக்கு எல்லாரும் மொட்டை மாடியில்’ என்று நோட்டில் எழுதி, குழுவிலும் போட்டேன். ஆறு மணிக்கு வந்தவர் திருதராஷ்டிரன் ஒருவர்தான், முதல் மாடி மாமா. ஆறேகாலுக்கு என் மனைவி, காந்தாரி.

பிளாஸ்டிக் நாற்காலிமேல் பட்டுப்புடவை போர்த்தி அரியணை. பின்னால் தண்ணீர் டாங்க் தெரியாமலிருக்க ஒரு ஜமுக்காளம். தெர்மாகோல் அட்டையை மாமாவின் பேரன் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் திருப்பினான். நாற்பது வருஷமாகக் கல்யாண குரூப் போட்டோக்களில் பார்க்கிறேன், பத்துப் பேர் நின்றால் ஒருவர் கண் கட்டாயம் மூடியிருக்கும். இந்தக் காட்சியில் அந்தக் கவலையே இல்லை, ராஜாவுக்குப் பார்வை கிடையாது, ராணிக்குக் கண்ணில் கட்டு என்று நினைத்துத்தான் இதை முதலில் வைத்தேன்.

மாமா கண்ணை மூடினார். ஷட்டர் சத்தம் கேட்டதும் திறந்தார். “வந்துடுத்தா?” என்றார். மறுபடி மூடினார். ‘டிக்’ என்பதற்கு அரை நொடி முன்னால் திறந்தார். எண்ணாமலே எடுத்துப் பார்த்தேன், திடீரென்று எடுத்துப் பார்த்தேன். 31 படம். முப்பத்தொன்றிலும் குருகுலத்து மன்னர் கண்ணைப் பளிச்சென்று திறந்துகொண்டு, எதையோ கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி லென்ஸையே பார்க்கிறார். காந்தாரி ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கட்டை நெற்றிக்கு ஏற்றி, “பால் அடுப்பில இருக்கு” என்று கீழே போய்வந்தாள். ஒரு நல்ல படம் விழுந்ததாக நினைத்தேன். லென்ஸை 1.8க்குத் திறந்து வைத்திருந்ததால் அரைச் சாண் ஆழத்துக்குத்தான் தெளிவு. மாமாவின் மீசை கூர்மையாக இருக்கிறது, மகாராணி பனியில் கரைந்துபோயிருக்கிறாள். “இதுக்கா பட்டுப்புடவை கட்டினேன்?” என்று கேட்டாள்.

அன்று மத்தியானம் மனசுக்கு ஒத்தடம் கொடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். பெயரிலேயே கேமராவைப் பாதி வைத்திருந்த இந்த அம்மாள் 1815ல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில்தான் முதல் கேமரா. அதுவும் மகளும் மருமகனும் பொழுதுபோக்குக்கென்று வாங்கிக் கொடுத்தது. இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆர்தர் ராஜா கதையை டென்னிசன் கவிதையாக எழுதியிருந்தார். அதற்குப் படம் வேண்டும் என்று அவர் கேட்க, 1874ல் அம்மாள் வீட்டு மனிதர்களையும் வந்துபோனவர்களையும் பிடித்து வேஷம் கட்டினார். மந்திரவாதி மெர்லினாக நின்றது அவருடைய புருஷன். வெள்ளைத் தாடிக் கிழவர். அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு நிமிஷக்கணக்கில் ஆடாமல் நிற்க வேண்டும். அவருக்கோ சிரிப்பு தாங்கவில்லை. குலுங்கிக் குலுங்கிப் பிளேட்டுகளைக் கெடுத்தார். மறுவருஷம் இருவரும் இலங்கைக்குக் குடிபோனார்கள். அங்கேயும் அம்மாள் விடவில்லை, தோட்டத் தொழிலாளிகளை நிறுத்தி எடுத்தார். 1879ல் அங்கேயே இறந்தார். சிரித்த மெர்லின் படங்கள் இன்று மியூசியத்தில். மாமாவிடம் இதைச் சொன்னேன். “அப்போ என்னையும் வைப்பாளா?” என்றார்.

சூதும் தூதும் ஆள் சேராமல் நின்றுபோயின. பீஷ்மர் ஈர்க்குச்சி அம்புகளுக்கு நடுவே நிஜமாகவே தூங்கிவிட்டார். ஐந்தில் உருப்படியானது அது ஒன்றுதான்.

கர்ணனுக்கு வருவோம். தேர்ச்சக்கரம் மண்ணில் புதைய வேண்டும். இதற்கு மட்டும் நான் ஒரு செலவும் செய்யவில்லை. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பள்ளம். எதற்காக, யார் தோண்டியது என்பதில் தெருவில் மூன்று கட்சி. ஒரு கட்சி கேபிள் என்கிறது, ஒரு கட்சி குழாய் என்கிறது, மூன்றாவது கட்சி பேசுவதையே விட்டுவிட்டது. முந்தின நாள் மழையில் சேறு பதமாக இருந்தது. ஆட்டோவின் முன்சக்கரத்தை மெதுவாக இறக்கச் சொன்னேன். சல்லியன் மெதுவாகத்தான் இறக்கினார். வண்டி வேகமாக இறங்கிவிட்டது.

செகரட்டரி பஞ்சகச்சம், காகிதக் கவசம், அட்டைக் குண்டலத்தோடு முழங்கால் சேற்றில் நின்று சக்கரத்தைப் பிடித்தார். முகத்தில் நிஜமான வேதனை. சிவாஜிகூட இவ்வளவு செய்திருக்க மாட்டார். நான் தரையோடு படுத்து ஃபோகஸ் பார்த்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

“நல்லா எடுங்க சார். பேப்பர்ல வரணும்.”

திரும்பிப் பார்த்தால் இருபது பேர். தலைக்கிரீடமும் வேஷமுமாக ஒருவர் பள்ளத்தில் இறங்கியிருப்பதை அவர்கள் புதுவிதப் போராட்டம் என்றே எடுத்துக்கொண்டார்கள். “இது கர்ணன்ம்மா” என்றேன். “யாரா இருந்தா என்னப்பா, கால் ஒடைஞ்சா ஒடைஞ்சதுதான்” என்றார் ஒரு பாட்டி. என் கையைப் பிடித்து இழுத்துப்போய் எரியாத தெருவிளக்கைக் காட்டினார். “இதையும் எடு.” எடுத்தேன். ஒருவர் சாக்கடை மூடியை எடுக்கச் சொன்னார். இன்னொருவர் தன் மாமியார் விழுந்த இடத்தைக் காட்டி, எப்படி விழுந்தார் என்று விழுந்தும் காட்டினார். அதையும் எடுத்தேன். கர்ணன் சேற்றிலிருந்து, “சார், வெளிச்சம் போறது” என்று கத்திக்கொண்டிருந்தார். அர்ஜுனனுக்கு அனுமதி கொடுத்த கிருஷ்ணன் மாதிரி நான் காது கேட்காமல் நின்றேன். கூட்டம்தான் பிறகு ஆட்டோவையும் கர்ணனையும் சேர்த்துத் தூக்கி விட்டது.

வகுப்பில் வாத்தியார் படங்களை ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கர்ணனில் கொஞ்சம் நின்றார். சட்டகத்தின் ஓரத்தில் ஒரு சுட்டுவிரல் தெரிந்தது, தெருவிளக்கைச் சுட்டுகிற பாட்டியுடையது. “இது மட்டும் திரும்ப எடுங்க அங்கிள்” என்றார்.

புதன்கிழமை கேமராவோடு போனேன். பள்ளம் இல்லை. ஜல்லியும் செம்மண்ணும் கொட்டி, மேலே ரோலர் ஓடிய தடம். தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் வணக்கம் வைத்தார்கள். பாட்டி மோர் கொடுத்தார். தெருவிளக்குகூட எரிந்தது, பட்டப்பகலில். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு தெரு முழுக்க என்னைக் கொண்டாடுகிறது, எனக்கோ வயிற்றெரிச்சல். மாதக் கடைசிக்குள் படம் கொடுத்தாக வேண்டும்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. சல்லியன்.

“சார், நெமிலிச்சேரி பக்கம் சவாரி வந்தேன். ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். நம்மளுதவிட ஆழம். தண்ணி நிக்குது, பக்கத்துல லைட்டும் எரியல. காலைல அஞ்சரைக்கு வந்துர்றேன். செகரட்டரிகிட்ட மட்டும் சொல்லாதீங்க, இந்தத் தபா கர்ணன் நான்.”