பன்னும் பாதரசமும்

உலகத்திலேயே முதன்முதலில் ஆபீஸ் வேலைக்குக் கம்ப்யூட்டர் வைத்தது யார் என்று கேட்டால் வங்கி, இன்ஷூரன்ஸ், ராணுவம் என்று அடுக்குவோம். இவை எதுவுமில்லை. லண்டனில் டீயும் பன்னும் விற்ற கம்பெனி. வாங்கிக்கூட வைக்கவில்லை, விற்பவன் இருந்தால்தானே வாங்க! தானே கட்டிக்கொண்டது.

பெயர் ஜே. லயன்ஸ் அண்ட் கோ. முதல் போட்டவர்களோ சால்மன், க்ளக்ஸ்டைன் என்ற இரண்டு சம்பந்திக் குடும்பங்கள். பரம்பரைத் தொழில் புகையிலை. சாப்பாட்டுக் கடை வைத்தால் கௌரவம் என்னாவது என்று யோசித்து, ஜோசப் லயன்ஸ் என்ற உறவுக்காரரின் பெயரைப் பலகையில் மாட்டிவிட்டார்கள். ஊரார் நுரையீரலில் புகை ஏற்றினால் கௌரவம், வயிற்றுக்கு ரொட்டி போட்டால் அவமானம். 1894-ல் பிக்காடிலியில் முதல் டீக்கடை. பிறகு திரும்பின பக்கமெல்லாம் லயன்ஸ்.

டீக்கடை வியாபாரத்தில் லாபம் சில்லறை. காகிதம் மட்டும் மூட்டை மூட்டை. ஒரு பன் விற்றால் அதை எழுத ஒரு குமாஸ்தா, கூட்ட ஒருவர், கூட்டல் சரியா என்று பார்க்க இன்னொருவர். மூவர் சம்பளமும் அந்தப் பன்னிலிருந்துதான் வரவேண்டும். 1923-ல் ஜான் சிம்மன்ஸ் வந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துக் கொடிகட்டியவர். கேக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார். வீட்டில் என்ன சொன்னார்களோ. எந்தக் காகிதம் எங்கே பிறக்கிறது, யார் மேஜைக்குப் போகிறது, அங்கே போகாவிட்டால் யாருக்காவது நஷ்டமா என்று வருஷக்கணக்காகத் துருவினார். என் கணக்கில் கம்ப்யூட்டர் பிறந்தது இந்தத் துருவலில்தான். இன்றைக்குக் கோடிகளைக் கொட்டி ஈஆர்பி மென்பொருளை வாங்கி இறக்கிவிட்டு, அப்புறம் “நம் கம்பெனியில் ஆர்டர் எப்படி வருகிறது?” என்று கமிட்டி போடுகிறவர்கள் சிம்மன்ஸ் கையில் கிடைத்திருக்க வேண்டும்.

1947-ல் தாம்ஸன், ஸ்டாண்டிங்ஃபோர்டு என்ற இரண்டு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள், அங்கே ஆபீஸ் நடத்தும் லட்சணத்தைப் பார்த்துவர. போன இடத்தில் கம்ப்யூட்டரையும் விசாரித்தார்கள். பிரின்ஸ்டனில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியில் இருந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் வரவேற்றுப் பேசினார். கூடவே, உங்கள் கேம்பிரிட்ஜிலேயே மாரிஸ் வில்க்ஸ் என்பவர் இதே மாதிரி ஒரு யந்திரம் கட்டுகிறாரே என்றும் காதில் போட்டார். லண்டனிலிருந்து ரயிலேறினால் பகல் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேரும் ஊர். அதைத் தெரிந்துகொள்ள அட்லாண்டிக்கைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். கம்பெனி செலவு, போகட்டும்.

திரும்பிவந்த லயன்ஸ் கேம்பிரிட்ஜுக்கு 3,000 பவுண்டும் ஒரு ஆளையும் கொடுத்தது. 1949 மே மாதம் வில்க்ஸின் எட்சாக் ஓடியது. அதைப் பார்த்து, ஜான் பிங்கர்டன் என்ற இன்ஜினியரை வைத்து, ஹாமர்ஸ்மித்தில் பேக்கரிகளுக்குப் பக்கத்திலேயே தங்கள் யந்திரத்தை எழுப்பினார்கள். லயன்ஸ் எலக்ட்ரானிக் ஆபீஸ், சுருக்கமாக லியோ. ஆயிரக்கணக்கில் வால்வுகள், ஞாபகசக்தி முழுவதும் பாதரசம் நிரப்பிய 64 நீளக் குழாய்களில். இன்றைய வாட்ஸ்அப் குட்மார்னிங் படம் ஒன்றைக்கூட அதில் வைக்க முடியாது. அந்த வகையில் மேலான யந்திரம். வேலை ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்க ஒரு ஸ்பீக்கரும் மாட்டியிருந்தார்கள். சத்தம் மாறினால் ஆபரேட்டருக்கு விஷயம் புரிந்துவிடும்.

இதில் அன்றைய பிரிட்டிஷ் நாணயம் வேறு. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. யந்திரத்துக்குத் தெரிந்தது பூஜ்யமும் ஒன்றும். பாவம், அதையும் கற்றுக்கொண்டது. 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கு, அதாவது வாரம் முழுக்க எவ்வளவு ரொட்டி, கேக், பை தயாரானது, என்ன மதிப்பு என்பது, லியோவில் ஏறியது. அதன் பிறகு வாராவாரம். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி யூனிவாக் என்ற கம்ப்யூட்டரில் சம்பளக் கணக்குப் போட 1954 ஆயிற்று. அதற்குள் லயன்ஸிலும் சம்பளம் லியோ கைக்குப் போயிருந்தது: ஒரு ஆள் கணக்குக்குக் குமாஸ்தாவுக்கு 8 நிமிஷம், லியோவுக்கு ஒன்றரை வினாடி.

எனக்குப் பிடித்தது 1954-ல் வந்த டீக்கடை ஆர்டர் ஏற்பாடு. வடிவமைத்தவர் டேவிட் கேமினர்; ஒரு வேலையை நுனி முதல் அடி வரை புரிந்துகொள்ளாமல் ஒரு வரி நிரல் எழுதவிடாத மனிதர். அதுவரை ஒவ்வொரு கடையின் மேலாளரம்மாவும் நாளைக்கு என்னென்ன வேண்டும் என்று நீளப் பட்டியல் எழுத வேண்டும். கேமினரின் ஏற்பாட்டில் ஒவ்வொரு கடைக்கும் கிழமைவாரியாக ஒரு நிரந்தர ஆர்டர் இருக்கும். அந்தம்மா மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் குறித்த நேரத்தில் தொலைபேசி அடிக்கும். இந்த முனையில் ஹெட்ஃபோன் மாட்டிய பெண் கேட்டுக்கொண்டே அட்டையில் துளை போடுவாள்: பன் கூட்டு, பை குறை. வைத்துவிட்டு அடுத்த கடை. அட்டைகளை விழுங்கிய லியோ, எத்தனை சுடவேண்டும், எந்தக் கடைக்கு எதைக் கட்டவேண்டும், வேனில் எதை முதலில் ஏற்றவேண்டும் என்பதுவரை அச்சடித்துத் துப்பும். கூடவே, எந்தக் கடை கேட்பதும் விற்பதும் பொருந்தவில்லை என்று மேலிடத்துக்குத் தெரிந்துவிடும். கோள்மூட்டும் வேலையும் அன்றே யந்திரமயமாகிவிட்டது.

வெளியிலும் மவுசு. ஃபோர்டு கம்பெனி தன் டாகன்ஹாம் தொழிலாளர் சம்பளக் கணக்கைக் கொடுத்தது. கார் செய்கிறவர்கள் கூட்டல் கழித்தலுக்குப் பன் கம்பெனியிடம் வந்தார்கள். 1954-லேயே கம்ப்யூட்டர் விற்கத் தனிக் கம்பெனி. ஆனால் பேக்கரி வீட்டிலிருந்து மூளை வாங்க எத்தனை முதலாளிக்கு மனசு வரும்? அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி 1963-ல் இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனியோடு இணைந்தது, 1968-ல் ஐசிஎல் என்ற பெரிய பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் கம்பெனியில் கரைந்தது. முதல் லியோவை 1965 ஜனவரியில் நிறுத்தினார்கள். அதற்காகப் பன் கணக்கு நிற்கவில்லை. அடுத்தடுத்த லியோக்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தன.