டாக்டருக்கு முன்னால் ஒரு மாஸ்டர்

அமெரிக்காவில் டாக்டராக வேண்டுமென்றால் முதலில் 4 வருடம் ஒரு பட்டப்படிப்பு. அதில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி காலை வாரிவிட்டதா? கவலை வேண்டாம். ‘நான் தேறிவிடுவேன்’ என்று மருத்துவக் கல்லூரிகளை நம்பவைப்பதற்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு வைத்திருக்கிறார்கள். இப்போது ஆன்லைனிலும் உண்டு. லுங்கியோடு உட்கார்ந்தே உடற்கூறியல் படிக்கலாம்.

அதில் சேரவும் விண்ணப்பம், சிபாரிசுக் கடிதங்கள், ‘நான் ஏன் டாக்டராக விரும்புகிறேன்’ என்ற கட்டுரை. கட்டுரையில் பாட்டிக்கு உடம்பு முடியாமல் போவது மரபு. படிப்பு முடிந்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, ஆம்காஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு அதையே 5,300 எழுத்துகளுக்குள் கேட்கும், வார்த்தை இடைவெளியையும் எண்ணி. பாட்டி மறுபடி படுக்கையில் விழுவார், இம்முறை சுருக்கமாக.

எம்கேட் நுழைவுத் தேர்வு மட்டும் தாராளம். மொத்தம் 528, எதுவும் தெரியாதவருக்கும் 472 நிச்சயம்.

இதில் வேடிக்கை, ஆம்காஸ் முதுகலை மதிப்பெண்ணை இளங்கலைச் சராசரியோடு கலப்பதில்லை. அதைத் தனி வரியில் போட்டுவிடும். இவ்வளவு செலவழித்தும் பழைய ‘சி’ கிரேடு இருந்த இடத்திலேயே பல்லைக் காட்டும்.

சில படிப்புகள், நல்ல மதிப்பெண் வாங்கினால் தங்கள் மருத்துவக் கல்லூரியிலேயே நேர்காணல் உண்டு என்கின்றன. நேர்காணல்தான், இடம் அல்ல. அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டுங்கள்.