மோசல் பக்கம் கொஞ்சம்...

வி.எஸ்., கும்பகோணம்
குளிர் நாட்டில் திராட்சை பழுக்குமா?

திணறித் திணறிப் பழுக்கும். ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரை 50-வது வட அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. அங்கே ராஜா, ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை. அக்டோபர் வரைக்கும் கொடியை விட்டு இறங்காது. வெக்கையான ஊர்களில் பழம் தன்னிடமுள்ள மாலிக் அமிலத்தை வேகமாக எரித்துவிடும். சர்க்கரை ஏறும், புளிப்பு போய்விடும். மோசலில் குளிர் அந்தப் புளிப்பைக் காபந்து பண்ணுகிறது. ரீஸ்லிங்கின் உயிர் அதில்தான்.

ஆர். மீனா, திருச்சி
சமவெளியை விட்டுவிட்டு ஏன் செங்குத்தான மலையில் பயிர் வைக்கிறார்கள்?

வெயிலுக்காக. தெற்கு பார்த்த சரிவில் கதிர் நேராக விழும். பகலில் சூடேறும் கருஞ்சாம்பல் ஸ்லேட் கல், ராத்திரியில் அந்தச் சூட்டைக் கொடிக்குக் கொடுக்கும். ஆற்று நீரும் தன் பங்குக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும். பிரெம் ஊரின் கால்மொன்ட் சரிவு சில இடங்களில் 65 டிகிரி வரை போகிறது. டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் ஒரு குட்டி வண்டி பல தோட்டங்களில் உண்டு. மற்றதெல்லாம் மனிதர்களின் முழங்கால்.

கே. சந்திரன், சேலம்
அந்த ஸ்லேட்டின் ருசி ஒயினில் தெரியுமாமே?

கல்லை வேர் உறிஞ்சிக் கோப்பைக்குக் கொண்டுவருகிறது என்பதை மண்ணியல்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. கல்லின் வேலை சூடும் வடிகாலும். ஆனாலும் குடிப்பவர்கள் 'ஸ்லேட் தெரிகிறது' என்றே சொல்வார்கள். ஒன்றாம் வகுப்பில் சிலேட்டை நக்கி அழித்த நம்மவர்கள் சாட்சிக்குப் போகலாம்.

ஜோசப், நாகர்கோவில்
பழைய ரீஸ்லிங்கில் பெட்ரோல் வாசம் அடிக்கிறதே, கலப்படமா?

இல்லை. டி.டி.என். என்ற சேர்மத்தின் வேலை. பழத்தின் கரோட்டினாய்டுகளிலிருந்து, பாட்டிலில் வருஷக்கணக்கில் இருக்கும்போது உருவாகிறது. நிறைய வெயில் பட்ட பழமானால் கூடுதலாக வரும். லேசாக இருந்தால் ரசிகர்கள் கொண்டாடுவார்கள். தூக்கலாக இருந்தால் பங்க்தான்.

எம். லதா, மதுரை
இனிப்பு ஒயின் குடிப்பவர் விவரமில்லாதவர் என்கிறார் என் தம்பி.

தம்பி மலிவான சர்க்கரைத் தண்ணீரில் ஏமாந்திருப்பார். அந்த மாதிரிச் சரக்கை ஏராளமாக ஏற்றுமதி செய்து ஜெர்மனியே தன் பேரைக் கெடுத்துக்கொண்டது. நல்ல மோசல் 'காபினெட்' ஒன்றில் ஆல்கஹால் 8 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மிச்சமிருக்கும் இனிப்பைப் புளிப்பு நிமிர்த்தி வைக்கும். இன்னொன்று: காபினெட், ஷ்பேட்லேசே, அவுஸ்லேசே என்பவை 1971 சட்டப்படி பறிக்கும்போது சாற்றில் இருந்த சர்க்கரையின் அளவு. பாட்டிலின் இனிப்பைச் சொல்வதில்லை. 'ட்ராக்கன்' என்று போட்டிருந்தால் இனிப்பு அநேகமாக இருக்காது. தம்பிக்கு அதை வாங்கிக் கொடுங்கள்.

தோழர் ஒருவர், கோவை
மோசலுக்கும் மார்க்ஸுக்கும் சம்பந்தம்?

அவர் அந்த ஆற்றங்கரையில் உள்ள டிரியர் ஊர்க்காரர். வக்கீல் அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டமும் இருந்தது. சுங்க எல்லைகள் திறந்து வெளி ஒயின்கள் வந்து இறங்கியதில் மோசல் விவசாயிகள் நொடித்துப்போனார்கள். 1843 ஜனவரியில் 'ரைனிஷ் சைட்டுங்' பத்திரிகையில் அவர்கள் பக்கம் நின்று எழுதினார் மார்க்ஸ். மார்ச்சோடு பத்திரிகையையே மூட வைத்தது பிரஷ்ய அரசு. தன்னைப் பொருளாதாரத்தின் பக்கம் திருப்பியவற்றில் இந்த விவகாரமும் ஒன்று என்று 1859-ல் அவரே எழுதினார். ஒரு பத்தி எழுத்தாளரைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் பிரஷ்யாவுக்கு லாபமாக இருந்திருக்கும்.

பி. அருண், வேலூர்
ஐஸ் ஒயின் என்றால் ஐஸ் போட்டுக் குடிப்பதா?

அடப்பாவி! கொடியிலேயே பழம் உறைய வேண்டும். குறைந்தது மைனஸ் 7 டிகிரி. விடிவதற்குள் பறித்து உறைந்தபடியே பிழிவார்கள். நீர் ஐஸாக நின்றுவிட, தேன் போன்ற சாறு மட்டும் இறங்கும். 2019 அறுவடையில் ஜெர்மனியின் எந்த ஒயின் வட்டாரத்திலும் அந்தக் குளிர் வரவில்லை. நாடு முழுக்க ஐஸ் ஒயின் இல்லாமல் போன முதல் வருஷம்.

அதே அருண்
ஃப்ரீசரில் வைத்துப் பிழிந்தால்?

பிழியலாம். அந்தப் பேரைப் போட்டு விற்றால் ஜெர்மனியில் கேஸ் போடுவார்கள்.