தோல்வி அறியாத கலை

ஐகிடோவே, உன்னைப் போல் பெருந்தன்மையுள்ள கலை வேறில்லை. ஜூடோ பழகுகிறவன் தோற்றுத் தோற்றுத்தான் வளர்கிறான். குத்துச்சண்டை பழகுகிறவன் உதடு கிழிந்து வீடு திரும்புகிறான். உன் பாயில் கால் வைத்தவனுக்கோ முதல் நாளே வெற்றி. ஹக்காமா என்ற அகன்ற உடை அணிந்த மூத்தவர், நேற்று வந்த எனக்காக அழகாக விழுந்து கொடுத்தார். நான் அவருடைய நிலையைக் குலைத்தேனா இல்லையா என்று அவரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை.

உன்னிடம் வரும் எதிரிகள் பண்பு மிக்கவர்கள். எந்தக் கையால், எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்பது முன்பே தெரியும். ஷோமென்உச்சி என்றால் கையை வாள்போல் ஓங்கி உச்சந்தலைக்கு நேராக மட்டுமே வருவார்கள். கதாதேதோரி என்றால் மணிக்கட்டைப் பிடித்தபடி, நான் நுழைந்து, திரும்பி, முடிக்கும்வரை காத்திருப்பார்கள். சும்மா இருக்கும் மறுகையால் ஒரு குத்து விடமாட்டார்கள். வாளை உருவப் போகிறவனைத் தடுக்கப் பிறந்த பிடி அது என்பார்கள். இடுப்பில் வாள் இல்லாத காலத்திலும் அதை நீ கைவிடவில்லை. பழசை மறக்காத மனம் உனக்கு.

உன்னைத் தந்த மோரிஹே உயேஷிபா, சொகாகு தகேதாவிடம் தாய்தோர்யூ ஜுஜுத்சு கற்றவர். 1931இல் டோக்கியோவில் அவர் திறந்த கோபுகான் கூடத்துக்கு ‘நரக டோஜோ’ என்றே பேர் விழுந்தது. பயிற்சி அத்தனை உக்கிரம். அந்த நரகத்தை எங்களுக்காக நீ சொர்க்கமாக்கிவிட்டாய். போட்டி கூடாது என்றார் அவர். அந்தச் சொல்லை அட்சரம் பிசகாமல் காப்பாற்றுகிறாய். அந்தச் சொல்லுக்கு முன்னால் அவர் பட்ட பாட்டைப் படும்படி மட்டும் எங்களை வற்புறுத்துவதில்லை.

கெஞ்ஜி தொமிகி என்றொரு மாணவர் உன் அமைதியைக் கலைத்தார். ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோவிடம் பயின்றவர். உயேஷிபாவிடம் முதன்முதலாக எட்டாம் ‘தான்’ தரம் பெற்றவரும் அவரே. விட்டுக்கொடுக்காத ஒருவன்மேல் செய்து பார்க்காத உத்தியை எப்படி நம்புவது என்பது அவருடைய கவலை. வசேதா பல்கலைக்கழகத்தில், ஒருவர் போலிக் கத்தியோடு உண்மையாகவே குத்த வர, மற்றவர் வெறுங்கையோடு சமாளிக்கும் போட்டி முறையை வளர்த்தெடுத்தார். நீ அவரோடு மோதவில்லை; விலகிக்கொண்டாய். விசை வரும் வழியிலிருந்து விலகுவதுதானே உன் முதல் பாடம்?

தேர்விலும் உன் கருணை குறையவில்லை. கோதேகாயேஷி செய்தேன். மணிக்கட்டு முழுதாகத் திரும்பும் முன்பே தோழர் காற்றில் எழும்பி, பாயில் கை அறைந்து விழுந்தார். கூடமே கைதட்டியது. பாயில் எழுந்த ஓசை அவருடைய திறமை, தேர்ச்சி எனக்கு. பேரனிடம் வேண்டுமென்றே தோற்கும் தாத்தாவின் அன்பு அது. ஆனால் பேரன் ஒருநாள் தெருவுக்கு விளையாடப் போய்விடுவான். உன் பிள்ளைகள் அந்த மடியிலேயே மூத்து, தாங்களும் தாத்தாவாகி, அடுத்து வருகிறவனுக்கு விழுந்து கொடுக்கிறார்கள்.

உன்னிடம் ஐயமறக் கற்றது ஒன்று உண்டு: உக்கெமி, அடிபடாமல் விழும் வித்தை. ஈரத் தரையில் வழுக்கினாலும் தலையைக் காத்துக்கொள்வேன் என்ற நம்பிக்கை அதனால் வந்தது. அதைச் சோதித்தது பாய். தப்பாக உருண்டால் தோள்பட்டை அந்தக் கணமே சொல்லிவிடும். உன் கூடத்தில் உபசாரம் அறியாதது அந்தப் பாய் ஒன்றுதான். எனக்கு உண்மையாகக் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

அதனால் கேட்கிறேன், உன் புகழில் ஒன்றைக் குறைத்துக்கொள். கோப்பை வேண்டாம், புள்ளிக் கணக்கு வேண்டாம், வெல்லும் வெறியும் வேண்டாம். என் உத்தி பிழைத்தால் விழாமல் நிற்கும் துணை ஒருவரைக் கொடு. அன்று நான் தோற்பேன். தோல்வி அறியாத கலை என்ற பேர் உனக்குப் போகும். போர்க்கலை என்ற பேர் நிற்கும்.